இடது காலின் குற்றம்

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக உரத்த குரலில் எண்ணிக்கொண்டு போவது எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் நெடுநாள் வழக்கம். முந்தின வருஷம் சித்திரை மாதத்தில் நாங்கள் சென்றபோதும் அப்படித்தான் எண்ணினார்கள். "ஒன்பது!" என்று அவர்கள் கூவியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "பத்து" மட்டும் வரவே இல்லை.

எங்கள் வண்டி மாருதி 800. 1983-ஆம் வருஷம் டிசம்பரில் முதன்முதலாக வெளிவந்து, 2014-ஆம் வருஷம் ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன சின்னஞ்சிறு வாகனம். மூன்று ஸிலிண்டர், 796 கன சென்டிமீட்டர். பள்ளிக்கூட வாத்தியாருக்கு இதற்கு மேல் என்ன வண்டி வேண்டும்? அன்றைய தினம் அதில் ஐந்து பேர் ஏறியிருந்தோம். புளியோதரை மூட்டை தனி.

ஒன்பதாவது வளைவைத் தாண்டி ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். எஞ்சின் ஆவேசம் வந்ததுபோல் கூச்சலிட்டது. வண்டியோ ஆமையைப்போல் ஊர்ந்தது. இன்னும் அழுத்தினேன், கூச்சல் அதிகமாயிற்று, வேகம் குறைந்தது. பிறகு ஒரு நாற்றம் கிளம்பிற்று. பழைய துணியும் ரப்பரும் சேர்ந்து கருகுவது போன்ற நாற்றம். "என்னங்க, ஏதோ எரிகிறதே!" என்றாள் என் மனைவி. வண்டியை ஓரங்கட்டி, சக்கரங்களுக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் ஆறவிட்டு, வந்த வழியே மெள்ள இறங்கினோம். புளியோதரையை அடிவாரத்து மரத்தடியில் சாப்பிட்டோம்.

மறுநாள் நான் சென்ற மோட்டார் பட்டறையில் ஓர் இளைஞர் வண்டியில் ஏறி, ஒரு முறை உறுமவிட்டு இறங்கினார். "கிளட்ச் முழுக்க எரிந்துவிட்டது, ஸார். பிளேட், பிரஷர் பிளேட், பேரிங், ஃபிளைவீல், எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்" என்று தீர்ப்பளித்தார். அவர் சொன்ன தொகை, என் மூத்த பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த பணத்தில் சரி பாதி. கட்டணம் கட்டவேண்டிய நாளோ ஜூன் மாதத்து முதல் வாரம். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த இளைஞர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. உறுமல், ஊர்தல், நாற்றம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஜுரம் என்பது ஒரு வியாதியின் பெயரல்ல என்று வைத்தியர்கள் சொல்லுவார்களே, அதுபோல் கிளட்ச் வழுக்குவதும் ஓர் அடையாளம் மாத்திரமே. காரணம் வேறாக இருக்கலாம். அதை விளங்கிக்கொள்ள, வண்டிக்குள் இருக்கும் அந்தப் பொருள் என்னவென்று முதலில் பார்த்துவிடுவோம்.

இரண்டு கற்களும் சேர்ந்தே சுழலும் ஒரு திரிகையை மனத்தில் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு கல் ஃபிளைவீல். அது எஞ்சினோடு பிணைந்தது. மற்றொரு கல் பிரஷர் பிளேட். அது ஃபிளைவீலோடு போல்ட்டுகளால் பூட்டப்பட்டது. இவ்விரண்டுக்கும் நடுவே, இரு பக்கமும் உராய்வுப் பொருள் பதித்த மெல்லிய வட்டத் தட்டு ஒன்று இருக்கிறது. இதுதான் கிளட்ச் பிளேட். கியர் பெட்டியின் தண்டு இதன் நடுவிலுள்ள பல் துவாரத்தில் நுழைந்திருக்கும். கூடை மூடிபோல் வளைந்த ஒரு வில், பிரஷர் பிளேட்டை எந்நேரமும் தட்டின்மேல் அழுத்திக்கொண்டிருக்கிறது. அந்த அழுத்தத்தினால்தான் எஞ்சினுடைய சுழற்சி தட்டுக்கும், தட்டிலிருந்து சக்கரங்களுக்கும் போகிறது. நாம் பெடலை மிதித்தால், கேபிள் ஒரு நெம்புகோலை இழுக்க, ஒரு பேரிங் முன்னேறி வில்லின் நடுவிலுள்ள விரல்களை அழுத்துகிறது. அழுத்தம் நீங்குகிறது, தட்டு விடுதலை பெறுகிறது.

ஆகவே நாம் பெடலைத் தொடாத நேரத்தில் வில்லின் முழு பலமும் தட்டின்மேல் இருக்கவேண்டும். அந்த பலம் ஏதேனும் ஒரு வகையில் குறைந்தால், தட்டு புத்தம் புதியதாயிருந்தாலும் வழுக்கும். இதை வைத்துக்கொண்டுதான் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் முதிய மேஸ்திரி ஒருவர் என் பணத்தைக் காப்பாற்றினார்.

அவர் வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து குனிந்து, கிளட்ச் பெடலைக் கை விரல்களால் மெதுவாக அழுத்திப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "வாத்தியாரய்யா, யாராவது கேபிளை இறுக்கினார்களா?" என்று கேட்டார்.

நான் திடுக்கிட்டேன். தை மாதத்தில் பெடல் தரையோடு போகிறதென்று நானே ஒருவரிடம் சொல்லி இறுக்கச் செய்திருந்தேன். பெடல் உயர்ந்து, காலுக்குச் சுகமாயிருந்ததில் மனம் மகிழ்ந்துபோய், அவருக்கு இனாமும் கொடுத்திருந்தேன்.

கேபிள் உள்ள வண்டிகளில் பெடலை அழுத்தும்போது முதலில் சிறிது தூரம் பெடல் எதிர்ப்பின்றி இறங்கும். அதற்குப் பிறகே கனம் தெரியும். எதிர்ப்பில்லாத அந்தத் தூரத்தைப் பட்டறைக்காரர்கள் 'ஃப்ரீ பிளே' என்கிறார்கள். எங்கள் வண்டி போன்றவற்றில் அது ஏறக்குறைய ஓர் அங்குலம் இருக்கவேண்டும். சரியான அளவை அந்தந்த வண்டியின் கைப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். என் வண்டியில் அது அறவே இல்லை. பெடல் மேலே நிற்கும்போதே கேபிள் இழுபட்டு, பேரிங் வில்லின் விரல்களைத் தள்ளிக்கொண்டிருந்தது. நான் மிதிக்காமலே வண்டி அரை மிதியில் இருந்தது என்று சொல்லலாம்.

இதில் பலரும் தலைகீழாக நினைக்கும் விஷயம் ஒன்று உண்டு. பிளேட் தேய்ந்தால் பெடல் தளர்ந்துபோகும் என்று நானும் எண்ணியிருந்தேன். நடப்பது அதற்கு நேர்மாறு. தட்டு தேயத் தேய, பிரஷர் பிளேட் ஃபிளைவீலை நோக்கி நகர்கிறது. அப்போது வில்லின் விரல்கள் எதிர்த் திசையில், அதாவது பேரிங்கை நோக்கி, நீட்டிக்கொண்டு வருகின்றன. அதனால் ஃப்ரீ பிளே குறைந்துகொண்டே போகும். பெடல் தளர்வது பெரும்பாலும் கேபிள் நீண்டுவிட்டதற்கோ, அதன் இழைகள் அறுபட ஆரம்பித்ததற்கோ அடையாளம். தை மாதத்தில் நான் செய்திருக்க வேண்டியது கேபிளைப் புதிதாக மாற்றுவது. அதை விட்டு, நீண்டுபோன கேபிளை முறுக்கச் செய்தேன். தட்டும் மாதத்துக்கு மாதம் தேய்ந்துகொண்டு வந்தது. இரண்டும் ஏற்காட்டு மலையில் ஒன்பதாவது வளைவில் சந்தித்துக்கொண்டன.

மேஸ்திரி எதையும் தொடுமுன் ஒரு பரீக்ஷை செய்து காட்டினார். சமதளத்தில் வண்டியை நிறுத்திக் கைபிரேக்கை நன்றாக இழுத்தார். முன்னாலும் பின்னாலும் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு எஞ்சினைக் கிளப்பினார். நான்காவது கியரைப் போட்டு, ஆக்ஸிலேட்டரைச் சற்றே அழுத்திக்கொண்டு பெடலை மெதுவாக விட்டார். நல்ல கிளட்சாயிருந்தால் எஞ்சின் திணறி உடனே நின்றுவிட வேண்டும். என் எஞ்சின் அப்படி நிற்காமல் சில விநாடிகள் கவலையின்றி ஓடிற்று. பிறகு அவர் புதுக் கேபிள் மாட்டி, ஃப்ரீ பிளேயை அளந்து வைத்து, வண்டி குளிர்ந்தபின் அதே பரீக்ஷையை மறுபடி செய்தார். இந்தத் தடவை எஞ்சின் ஒரு குலுக்கலுடன் அந்த நிமிஷமே அடங்கிற்று. "எஞ்சின் செத்தது, பிளேட் பிழைத்தது!" என்றார். இந்தப் பரீக்ஷையை ஒரு முறை செய்தால் போதும். விளையாட்டாகப் பலமுறை செய்தால் நல்ல தட்டும் கருகிவிடும்.

சாலையிலும் இதைக் கண்டுகொள்ளலாம். ஆளில்லாத சமச் சாலையில், மூன்றாவது கியரில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்ஸிலேட்டரைத் திடீரென்று அழுத்துங்கள். எஞ்சினுடைய ஓசையும் வேகமும் கூடவே ஏறினால் குற்றமில்லை. ஓசை மட்டும் முந்திக்கொண்டு ஏறி, வேகம் பின்னால் தயங்கி வந்தால் வழுக்கல் நிச்சயம். சுழற்சி காட்டும் மீட்டர் உள்ள வண்டிகளில் முள் துள்ளுவதைக் கண்ணால் பார்க்கலாம். எங்களைப் போன்றவர்களுக்குக் காதுதான் மீட்டர்.

புதுக் கேபிளின் விலையும் மேஸ்திரியின் கூலியும் சேர்ந்து, பட்டறையில் கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. ஜூன் மாதம் பெண்ணின் கட்டணத்தை உரிய நாளில் கட்டினேன்.

ஆனால் மேஸ்திரி என்னை அவ்வளவு எளிதில் விடவில்லை. "பிளேட்டுக்கு ஆயுசு அதிகமில்லை. மலையில் கருகியிருக்கிறது. ஆறு மாதம், எட்டு மாதம் ஓடலாம். அதற்குள் பணம் சேர்த்து வையுங்கள். அத்துடன் அந்த இடது காலைக் கொஞ்சம் எடுங்கள்" என்றார். பத்து வருஷமாக நான் என் இடது காலைப் பெடலின்மேல் ஓய்வாக வைத்துக்கொண்டே வண்டி ஓட்டியிருக்கிறேன் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. செருப்பின் கனம் போதும், ஃப்ரீ பிளே முழுவதும் கரைந்துவிடும். சிக்னலில் கியரைப் போட்டு, பெடலை மிதித்தபடியே பச்சை விளக்குக்குக் காத்திருப்பது பேரிங்கைத் தின்னும். மேட்டில் பிரேக் பிடிக்காமல் ஆக்ஸிலேட்டரையும் கிளட்சையும் கொண்டு வண்டியை அந்தரத்தில் நிறுத்தும் சாமர்த்தியமோ தட்டைத் தின்னும். இந்த சாமர்த்தியத்தில் எனக்கு மிகுந்த பெருமை இருந்தது.

கிளட்சுக்கு வேறு வியாதிகளும் உண்டு. பெடலை முழுவதும் மிதித்தும் தட்டு விடுபடாமல் இருந்தால், முதல் கியரும் பின் கியரும் விழ மறுக்கும். மிதித்தபடி இரண்டு மூன்று விநாடி பொறுத்துப் பின் கியரைப் போடும்போது கரகரவென்று பற்கள் உராய்ந்தால் இதுதான் வியாதி. நீண்ட கேபிள், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் வண்டிகளில் கசிவு அல்லது குழாயில் புகுந்த காற்று, கோணிய தட்டு ஆகியவை காரணங்கள். இவற்றில் முதலில் சொன்னவை கியர் பெட்டியை இறக்காமலே தீரக்கூடியவை. வண்டி கிளம்பும்போது உடம்பெல்லாம் உதறினால், தட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம். எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் அறுந்தாலும் அப்படியே உதறும். ரப்பர்களை முதலில் பார்க்கவேண்டும். அவற்றின் விலை குறைவு. பெடலை மிதித்தவுடன் கீச்சென்ற ஒலி எழுந்தால் கிளட்ச் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மிதித்தவுடன் ஒலி நின்றுவிட்டால் குற்றம் பெரும்பாலும் கியர் பெட்டியின் முன் தண்டுப் பேரிங்கில் இருக்கிறது. அதற்காகக் கிளட்சை மாற்றுகிறவர், பல் வலிக்குக் காதில் மருந்து விடுகிறவரே.

மேஸ்திரி சொன்ன ஜோசியம் மார்கழியில் பலித்தது. ஃப்ரீ பிளே சரியாக இருந்தபோதே வண்டி வழுக்க ஆரம்பித்தது. இந்தத் தடவை தப்ப வழியில்லை. கியர் பெட்டியை இறக்கினார்கள். தட்டில் உராய்வுப் பொருளைப் பிடித்திருக்கும் ஆணிகளின் தலைகள், மேற்பரப்பிலிருந்து எவ்வளவு ஆழத்தில் இருக்கின்றன என்பதே தேய்மானத்தின் அளவு. அரை மில்லிமீட்டருக்குக் குறைந்துவிட்டால் தட்டை மாற்றிவிடுவதே முறை. என் தட்டில் அதுகூட இல்லை. ஒரு பக்கத்து ஆணிகள் ஃபிளைவீலை உரசத் தொடங்கியிருந்தன.

"பிளேட்தானே தேய்ந்தது? அதை மட்டும் மாற்றக் கூடாதா?" என்று என் மனைவி கேட்டாள். குடும்பத்துக்குக் கணக்கு எழுதுகிறவள் கேட்கவேண்டிய நியாயமான கேள்வி. ஆனால் இந்த வேலையில் சாமானின் விலையைவிட, கியர் பெட்டியை இறக்கி ஏற்றும் கூலியே மனத்தில் நிற்கவேண்டிய கணக்கு. ஆயிரமாயிரம் தடவை வளைந்து நிமிர்ந்த வில் பழைய பலத்துடன் இராது. அதன் விரல் நுனிகளில் பேரிங் உழுத பள்ளமும் இருக்கும். இன்று தட்டை மட்டும் மாற்றி, மூன்று மாதத்தில் பேரிங் கீச்சிட்டால், அதே கூலியை இரண்டாம் முறை கொடுக்கவேண்டும். தட்டு, பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் ஒரே கம்பெனியாரின் ஒரே பெட்டியாக வாங்கிவிடுவது சிக்கனம். ஃபிளைவீல் விஷயம் அப்படியல்ல. நீலம் பாய்ந்த வட்டங்களும் மயிரிழை வெடிப்புகளும் இல்லாவிட்டால் அதை மாற்றவேண்டியதில்லை. இலேசான கீறல்களைக் கடைசல் பட்டறையில் அளவு மீறாமல் சமன் செய்துகொள்ளலாம். என்னுடையது அப்படித்தான் பிழைத்தது. அதிர்வைத் தாங்குவதற்காக இரட்டை அடுக்காய்ச் செய்த ஃபிளைவீல் சில டீஸல் வண்டிகளில் உண்டு. அது வேறு ஜாதி. அதைச் சாதாரணக் கடைசலுக்கு அனுப்பக்கூடாது.

கடைவீதியில் எனக்கு நான்கு விதமான யோசனைகள் கிடைத்தன. பழைய தட்டுக்கே புது உராய்வுப் பொருள் வைத்து ஆணியடித்துத் தருவதாக ஒருவர் சொன்னார். ஒரு காலத்தில் இது எங்கும் நடந்த வேலைதான். ஆனால் தட்டின் நடுவிலுள்ள அதிர்வு தாங்கும் சிறு சுருள்களும், இரு பக்கத்து உராய்வுப் பொருளுக்கு இடையே இருக்கும் அலைபோன்ற தகடும் பழையனவாகவே இருக்கும். அவை சோர்ந்திருந்தால் வண்டி உதறிக்கொண்டுதான் கிளம்பும். இன்னொரு கடையில், பெயர்போன கம்பெனியின் பெட்டியைப் போலவே அச்சிட்ட ஒரு பெட்டியைப் பாதி விலைக்கு நீட்டினார்கள். பில் கேட்டவுடன் பெட்டி உள்ளே போய்விட்டது. என் தங்கை மகன், பந்தய வண்டிகளில் போடும் ஸெராமிக் தட்டு வாங்கச் சொன்னான்; அது ஒருபோதும் வழுக்காதாம். வழுக்காதுதான். ஆனால் வெடுக்கென்று கடித்துக்கொள்ளும். கடைத்தெரு நெரிசலில் பத்தடிக்கு ஒரு முறை நின்று கிளம்புகிற குடும்ப வண்டிக்குச் சிறிது நெகிழ்ந்து கொடுத்துப் பற்றும் தட்டுதான் வேண்டும். அதில் கொஞ்சம் வழுக்குவது குற்றமல்ல, அதன் தொழிலே அது.

கடைசியில் வண்டிக் கம்பெனியின் முத்திரையுள்ள சாமானா, கிளட்ச் செய்வதையே தொழிலாகக் கொண்ட வாலியோ, லூக், எக்ஸெடி, ஸாக்ஸ் போன்றவர்களின் சாமானா என்ற கேள்வி நின்றது. இரண்டில் எதுவும் தாழ்ந்ததல்ல. இவர்களில் சிலருக்கு நம் சென்னைப் பக்கத்திலும் ஓசூரிலுமே தொழிற்சாலைகள் உண்டு. பெயரைவிட முக்கியமானது பொருத்தம். ஒரே பெயருள்ள வண்டியிலும் வருஷத்துக்கு வருஷம் தட்டின் விட்டமும் நடுத் துவாரத்தின் பற்களும் மாறக்கூடும். வண்டியின் சேஸிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு போகவேண்டும். பழைய தட்டைக் கையோடு கொண்டுபோய்ப் புதியதன்மேல் வைத்துப் பார்த்து, பற்களை எண்ணிவிடுவது அதைவிடச் சிலாக்கியம். நான் அந்தக் கடையில் நின்று இரண்டு முறை எண்ணினேன்.

உராய்வுப் பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆதிகால மோட்டார்களில் கூம்பு வடிவமான கிளட்சுக்குத் தோல் போர்த்தியிருந்தார்கள். அது வழுக்கினால் முல்தானி மிட்டி போன்ற மண்பொடியைத் தூவுவதும், முரண்டு பிடித்தால் எண்ணெய் தடவுவதும் அந்நாளைய டிரைவர்களின் கைவைத்தியம். இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் 1897-ஆம் வருஷத்தில் வண்டிச் சக்கரங்களுக்கான உராய்வுக் கட்டைகள் செய்யத் தொடங்கினார்; ஃபெரோடோ கம்பெனி அப்படிப் பிறந்தது. பிற்பாடு உஷ்ணத்தைத் தாங்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் வந்து பல பத்து வருஷங்கள் அரசாண்டது. அதன் தூசு நுரையீரலைக் கெடுத்து உயிரையே வாங்கும் என்பது தெரிந்தபின் பிரிட்டன் 1999-ஆம் வருஷத்தில் அதை அறவே தடை செய்தது. ஆகையால் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நலம். பழைய கிளட்சின் தூசியைக் காற்றுக் குழாயால் ஊதுவதும் கூடாது. ஈரத் துணியால் துடைக்கவேண்டும். பட்டறைப் பையன் ஊதப் போனபோது மேஸ்திரி அவன் கையைத் தட்டிவிட்டார்.

மாட்டும்போது நான் கூடவே நின்றேன். எஞ்சின் பின்புற ஸீலில் எண்ணெய் கசிகிறதா என்று முதலில் பார்த்தார்கள். கசியும் ஸீலை விட்டுவைத்துப் புதுத் தட்டு போடுவது, ஒழுகும் கூரையின்கீழ்ப் புதுப் பாய் விரிப்பது போன்றது. பிரஷர் பிளேட்டின்மேல் துருப் பிடிக்காமல் பூசியிருந்த எண்ணெயைத் துடைத்தார்கள். தண்டின் பற்களில் கிரீஸைத் தொட்டும் தொடாமலும் வைத்தார்கள். தட்டை நடுமையத்தில் நிறுத்த ஒரு மரக் கம்பைச் செருகி, போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்கினார்கள். ஐந்நூறு கிலோமீட்டர் வரையில் மலையும் வேண்டாம், மூட்டையும் வேண்டாம் என்பது மேஸ்திரியின் கட்டளை.

தை முதல் வாரத்தில் அந்த ஐந்நூறும் முடிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை "பத்து" என்று குழந்தைகள் கூவியபோது, முன்ஸீட்டிலிருந்த என் மனைவி குனிந்து என் இடது காலைப் பார்த்தாள். கால் தரையில் இருந்தது.

பழைய தட்டைக் காயலான் கடையில் போட மனம் வரவில்லை. நன்றாகக் கழுவித் துடைத்து, கண்ணாடி மூடியிட்ட ஒரு பெட்டியில் வைத்து, எங்கள் பள்ளிக்கூடத்துப் பௌதிக அலமாரிக்குக் கொண்டுபோய்விட்டேன். உராய்வைப் பற்றிய பாடம் வரும்போது அதை வெளியில் எடுத்துக் காட்டுகிறேன். ஆணித் தலையின் ஆழம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டால், வகுப்பில் முப்பது பேரும் முப்பது விடை சொல்லுகிறார்கள்.